எங்கே தங்குவது?

யோவான் நற்செய்தியில், இயேசுவைப் பின்தொடர்ந்த முதற் சீடர் இருவரும் அவரிடம் எழுப்பிய முதல் வினா இறையாட்சியைப் பற்றியதன்று, மீட்பைப் பற்றியதுமன்று. அவர் எங்கே தங்கியிருக்கிறார் என்பதையே அவர்கள் அறிய விரும்பினர். ஆண்டவரும் அதை அற்ப வினா என்று ஒதுக்காமல், வந்து பார்க்குமாறு அழைத்தார். அன்று அவர்கள் அவரோடு தங்கினர். குருமடத்தில் இப்பகுதியைப் பயின்ற நாளில், 'தங்குதல்' என்னும் சொல்லின் இறையியல் ஆழத்தைப் பக்கம் பக்கமாய் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். ஆயினும் அச்சொல்லின் எளிய பொருளை நமக்குக் கற்பித்தவர் நமது பங்கைச் சேர்ந்த ஒரு பெண்மணி. அதுவும் இத்தாலி நாட்டு விடுதிகளைப் பற்றிய பேச்சினிடையே!

2018ஆம் ஆண்டு, பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தம் துணைவியாரோடு நம்மை நாடி வந்தார். மணமாகி முப்பது ஆண்டுகள் நிறைந்திருந்தன. வேளாங்கண்ணியையும் பூண்டியையும் தவிர இருவரும் சேர்ந்து எங்கும் சென்றதில்லை. பிள்ளைகளைக் கரையேற்றிய பின் எஞ்சிய சேமநிதியைக் கொண்டு, உரோமை, அசிசி, புளோரன்சு, வெனிசு ஆகிய நகரங்களைப் பத்து நாளில் காண விழைந்தனர். "நீங்க அங்கே படிச்சவங்க, சாமி. எங்கே தங்கணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் ஆசிரியர்.

நாம் உரோமையில் மாணவராயிருந்த காலம் 2000ஆம் ஆண்டின் மாபெரும் யூபிலிக் காலம். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் உலக இளையோர் நாளின்போது, தோர் வெர்கத்தா திடலில் இலட்சக்கணக்கான இளைஞரோடு வெட்டவெளியில் இரவைக் கழித்தவர் நாம். விடுதி என்பது படுத்து எழும் இடம் என்பதற்கு மேல் நமக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு மணி நேரத்தில் பட்டியல் எழுதிக் கொடுத்தோம். உரோமையில், நகரின் கடைக்கோடியிலிருந்த ஒரு துறவற இல்லத்தின் விருந்தினர் விடுதி. புளோரன்சில் ஊருக்கு வெளியே மலிவான ஓரிடம். வெனிசுக்கு, நீரைக் கடந்து இப்பாலுள்ள மெஸ்த்ரே. அசிசிக்கு ஒரு பகல் போதுமென்றும் எழுதினோம். சிக்கனமும் பக்தியும் கைகோத்த பட்டியல் என்று உள்ளூரப் பெருமையும் கொண்டோம்.

திரும்பி வந்த ஆசிரியர் தாம் கண்ட ஆலயங்களை விரல்விட்டு எண்ணினார். துணைவியார் புன்னகையோடு அமைதியாயிருந்தார். பயணக் களைப்பு என்று நினைத்தோம்.

2021இல் கொரோனாவின் இரண்டாம் அலை ஆசிரியரைக் கொண்டு போயிற்று. முப்பதாம் நாள் திருப்பலிக்குப் பின் அந்த அம்மா பங்கு இல்லத்துக்கு வந்தார். பேச்சு அந்தப் பயணத்தின் பக்கம் திரும்பியது.

"தப்பா நினைக்காதீங்க, சாமி. கோவில் எல்லாம் பார்த்தோம். ஆனா பத்து மணிக்குக் கதவைப் பூட்டிடுவாங்கன்னு தினமும் பொழுது சாயும்போதே பஸ்ஸைத் தேடி ஓடினோம். என் முழங்காலுக்கு அவர் வேகம் முடியலை. அவர் முன்னாலே, நான் பின்னாலே. அறைக்கு வந்தா ஆளுக்கொரு கட்டில், நடுவிலே ஒரு மேசை. படுத்ததும் தூங்கிடுவோம். ஒரே ஒரு நாள்தான் அப்படி இல்லை."

அது வெனிசில் அவர்கள் கழித்த கடைசி மாலை. மெஸ்த்ரேக்குச் செல்லும் இரயில் புறப்பட நின்றது. ஆசிரியர் என்ன நினைத்தாரோ, "அடுத்த வண்டியிலே போவோம்" என்று சொல்லி, நிலையத்தின் வாயிற் படிகளில் அமர்ந்துவிட்டார். எதிரே பெருங்கால்வாய், அக்கரையில் ஓர் ஆலயத்தின் பச்சைக் குவிமாடம், நீரில் விளக்குகளின் ஒளி. அடுத்த வண்டியும் போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று. மணமான புதிதில் பேசியதையெல்லாம் அன்று அவர் மீண்டும் பேசினாராம்.

"அந்த ஒரு மணி நேரந்தான் சாமி, எனக்கு இத்தாலி" என்று முடித்தார் அந்த அம்மா.

குற்றம் சாட்டும் குரலில் அவர் பேசவில்லை. அதனாலேயே அது நம்மை வெகுநாள் உறுத்தியது. நான்கு நகரங்களை நாம் அவர்களுக்குக் கொடுத்தோம். அவர்கள் மனத்தில் வைத்துப் போற்றிய ஒரு மணி நேரமோ, நம் பட்டியலை மீறி அவர்களே எடுத்துக்கொண்டது. திருமணம் ஓர் அருளடையாளம் என்று பீடத்தில் நின்று எத்தனை முறை மறையுரை ஆற்றியிருப்போம்! ஆனால் தம்பதியர் இருவர் வழி கேட்டு வந்தபோது, தனித்து உறங்கிப் பழகிய ஒரு குருவாகவே நாம் விடை கூறியிருக்கிறோம்.

இத்தாலிய விடுதிகளில் வழங்கும் சொற்களே நமக்கு இதை உணர்த்தியிருக்க வேண்டும். இரு தனிக் கட்டில்கள் இட்ட அறைக்குப் பொதுவாக அவர்கள் தரும் பெயர் 'தோப்பியா'. இரட்டை அறை என்பது பொருள். ஒரே பெரிய கட்டில் உள்ள அறையோ 'காமெரா மத்ரிமோனியாலே'. அதாவது திருமண அறை! திருச்சபை திருமணத்தைக் குறிக்க வழங்கும் இலத்தீன் சொல்லே அங்கே விடுதிக் கணக்கேட்டிலும் நிற்கிறது. அம்மொழியை அறிந்திருந்தும் நாம் கேட்டு வாங்கிக் கொடுத்தது 'தோப்பியா' அறையைத்தான்.

எம்மாவு நிகழ்ச்சியையும் அப்போது புதிதாய் எண்ணிப் பார்த்தோம். வழிநடந்த இருவரில் ஒருவர் பெயர் கிளயோப்பா. மற்றவர் பெயரை லூக்கா தரவில்லை. சிலுவையருகே நின்ற குளோப்பாவின் மனைவி மரியாவை நினைவிற்கொண்டு, அந்த இருவரும் கணவன் மனைவியாயிருக்கலாம் என்று கருதும் விவிலிய அறிஞர் உண்டு. அவ்வாறாயின், நெடுவழியெல்லாம் உடன் நடந்த ஆண்டவரை அவர்கள் சாலையில் அறியவில்லை. பொழுது சாய்ந்தபின், தங்கிய இடத்தில், பந்தியில் அமர்ந்தபோதே அறிந்தனர். பகலில் நடந்ததன் பொருள் மாலையில்தான் விளங்கிற்று. அந்த மாலையை ஒரு தம்பதியரிடமிருந்து பறித்துவிட்டு, பகலை மட்டும் நிரப்பிக் கொடுத்தல் தகுமா?

2025ஆம் ஆண்டு, யூபிலியை முன்னிட்டு, அந்த அம்மாவின் மகளும் மருமகனும் முதன்முறையாக இத்தாலி செல்லத் திட்டமிட்டு நம்மிடம் வந்தனர். "சாமிகிட்ட கேளுங்க, இப்போ அவருக்குத் தெரியும்னு அம்மா சொன்னாங்க" என்றாள் மகள். மூவரும் சிரித்தோம். இம்முறை பட்டியல் எழுதுமுன் இரண்டு வினாக்களைக் கேட்டோம். உங்கள் இருவரில் விரைவில் களைப்படைபவர் யார்? மாலையில் இருவரும் என்ன செய்ய விரும்புவீர்கள்? மருமகனுக்கு இடுப்பு வலியென்று அப்போதுதான் தெரிய வந்தது. வலுவற்றவரின் கால்களை அளவாக வைத்தே விடுதியைத் தேட வேண்டும் என்பது நாம் தாமதமாய்க் கற்ற முதற் பாடம்.

உரோமையில் மலிவான விடுதிகள் தெர்மினி நிலையத்தைச் சூழ்ந்துள்ளன. திருத்தந்தை பிரான்சிசு 2025 ஏப்ரலில் அடக்கம் செய்யப்பட்ட புனித மரியா பெருங்கோவிலும் நடக்கும் தொலைவிலேயே இருக்கிறது. ஆயினும் அப்பகுதியில் தெருவுக்குத் தெரு தரம் மாறும். இரவுச் சந்தடியும் மிகுதி. பாந்தியோனைச் சுற்றிய பழைய நகரில் சுரங்க இரயில் நிலையம் அருகில் இல்லை, விலையும் கூடுதல். ஆனால் உணவுக்குப் பின் நீரூற்றுகளிடையே உலவி, நடந்தே அறைக்குத் திரும்பலாம். வத்திக்கானை அடுத்த பிராத்தி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவான பகுதி. தெருக்கள் நேரானவை, சமதளமானவை. அங்கே தங்குவோர் காலையில் கூட்டம் சேருமுன் பேதுரு பேராலயத்தை அடையலாம். இரவில் மக்கள் கலைந்தபின் அந்தச் சதுக்கத்தின் அமைதியையும் காணலாம். இடுப்பு வலியை எண்ணிப் பிராத்தியையே சொன்னோம்.

அசிசியில் ஓர் இரவேனும் தங்குமாறு வற்புறுத்தினோம். இரயில் நிலையம் சமவெளியில், புனித மரியா தெலி ஆஞ்சலி பேராலயத்தின் அருகே உள்ளது, ஊரோ மலைமேல். பகலெல்லாம் பேருந்துகளில் வந்து குவியும் கூட்டம் மாலையில் இறங்கிப் போய்விடும். அதன்பின் அந்தக் கல் தெருக்களில் பிரான்சிசுவும் கிளாராவும் நடந்த ஊரின் முகம் தெரியும். 2025 செப்டம்பரில் புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அகுத்திசின் கல்லறையும் அங்கேதான். சரிவுகள் செங்குத்தானவையாதலால் பேருந்து நிறுத்தத்துக்கு அருகிலேயே விடுதி இருத்தல் நலம்.

புளோரன்சு சிறிய நகரம். நிலையத்திலிருந்து, புருனெல்லெஸ்கி எழுப்பி 1436இல் நிறைவுற்ற குவிமாடத்தை உடைய பேராலயத்துக்குப் பதினைந்து நிமிடத்தில் நடந்துவிடலாம். எனவே ஊருக்கு வெளியே தங்கக் காரணமே இல்லை. பெரிய அறையைத் தேடுவோரைச் சான் மார்க்கோ மடத்தைக் கண்டு வரச் சொல்வோம். 1982இல் அருளாளராக உயர்த்தப்பட்ட சகோதரர் ஆஞ்சலிக்கோ, அங்குள்ள துறவியரின் சிற்றறைகளில் ஓவியங்கள் தீட்டினார். நான்கு சுவர், ஒரு சாளரம், ஒரு படம், அவ்வளவே. சிறிய அறை ஒரு குறையன்று என்பது அங்கே விளங்கும்.

வெனிசில் மூன்று இரவு வெளியே தங்குவதினும் ஓரிரவு தீவிலே தங்குவது மேல். அங்கே வண்டிகள் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலம் பாலமாய் ஏறி இறங்க வேண்டும். ஆனால் நிலையத்திலிருந்து புனித எரேமியா ஆலயம் வரை ஒரு பாலமும் குறுக்கிடாது; அப்பகுதியில் தங்குவது எளிது. நிலையத்துக்காக இடிக்கப்பட்ட லூசியா ஆலயத்திலிருந்த புனிதையின் திருவுடல் இப்போது எரேமியா ஆலயத்திலேயே வணங்கப்படுகிறது. காலையில் கதவைத் திறந்ததும் கண்களின் பாதுகாவலியைக் காணும் பேறு அது!

எந்த நகராயினும் சில செய்திகளை முன்னமே கேட்டறிதல் வேண்டும். பல விடுதிகள் பழைய மாளிகையொன்றின் மூன்றாம் நான்காம் மாடியில் மட்டும் இயங்குகின்றன. மின்தூக்கி உண்டா, அதை அடையப் படிகள் உண்டா என்று வினவுக. நட்சத்திரக் குறி வசதிகளின் கணக்கேயன்றி அன்பின் அளவன்று. விடுதியில் தங்குவோர் தலைக்கு ஓரிரவுக்கு இவ்வளவென்று நகராட்சி வரி தனியே செலுத்த வேண்டும். உரோமையில் இது 2011 முதல் உள்ளது. நுழைவு இசைவுக்குத் தங்குமிடச் சான்று தேவைப்படுவதால், கட்டணமின்றி நீக்கக்கூடிய பதிவாய்ச் செய்வது அறிவுடைமை.

துறவற இல்ல விடுதிகளைத் தவிர்க்க வேண்டும் என்பதா? அன்று. தூய்மையும் அமைதியும் விடியற் திருப்பலியும் வேண்டுவோர்க்கு அவை பெருங்கொடை. கதவடைக்கும் நேரம், கட்டில் வகை, நகரின் மையத்திலிருந்து தொலைவு ஆகிய மூன்றையும் கேட்டபின் தேர்க. நாம் இவற்றைக் கேளாமல் விட்டதே பிழை. அந்த இல்லத்தின் சகோதரிகள்மேல் குற்றமில்லை.

மேய்ப்பர் ஒருவர் கூடுதல் செலவுக்கு வழிகாட்டலாமா என்று சிலர் வினவக்கூடும். திருச்சபையின் வரலாறே இதற்கு விடை தருகிறது. விருந்தினரைக் கிறித்துவாகவே ஏற்க வேண்டுமென்று புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்கில் விதித்தார். புனித பிலிப் நேரி உரோமையில் 1548இல் தொடங்கிய சகோதர சபையினர், 1550ஆம் ஆண்டின் யூபிலித் திருப்பயணிகளுக்கு உணவும் படுக்கையும் தந்து, அவர்களின் கால்களையும் கழுவினர். நடந்து நொந்த கால்களை ஆன்மாவுக்கு அயலானவை என்று அவர்கள் கருதவில்லை. ஆடம்பரத்தை நாம் பரிந்துரைக்கவில்லை. பணம் போதாதெனில் நகரங்களுள் ஒன்றைக் குறைத்துக்கொள்க, மாலைகளைக் குறைக்காதீர். நம் இளம் தம்பதியரும் அவ்வாறே புளோரன்சை மறுமுறைக்கென விட்டுவிட்டனர்.

அக்டோபரில் அவர்கள் திரும்பி வந்தனர். ஆலயங்களின் எண்ணிக்கை குறைவுதான். வெனிசில் ஒரு மாலை, தாயும் தந்தையும் அமர்ந்த அதே நிலையப் படிகளில் தாங்களும் சென்று அமர்ந்ததாக மகள் கூறினாள். வண்டியொன்றையும் தவறவிட வேண்டியிருக்கவில்லை. அறை சற்றுத் தொலைவிலேயே இருந்தது. வெகுநேரம் இருந்துவிட்டு மெல்ல நடந்து போனார்களாம்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த தாயின் கண்கள் நிறைந்தன. "அவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்" என்று மட்டும் சொன்னார்.

திருமணத் தயாரிப்பு வகுப்புகளில், ஆண்டவரிடம் அந்த முதற் சீடர் கேட்ட வினாவை இப்போதெல்லாம் நாம் தவறாமல் நினைவூட்டுகிறோம். இல்லறத்தார் எங்குச் சென்றாலும், எதைப் பார்ப்பது என்பதற்கு முன் எங்கே தங்குவது என்று கேட்கட்டும். பொழுது சாயும் வேளையில் இருவர் ஒன்றாய் அமர ஓரிடம் இருந்தால், மூன்றாமவராக அங்கே வந்து அமர ஆண்டவர் தயங்குவதில்லை.