வேதாளம் சுமக்கும் பெரியப்பா

என் பெரியப்பாவுக்கு வயது 73. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் 34 ஆண்டுகள் பாரந்தூக்கி இயக்கி ஓய்வு பெற்றவர். "இப்ப பொழுது எப்படிப் போகுது?" என்று யாராவது கேட்டால், "அரக்கர்களோட சண்டை போட்டுக்கிட்டிருக்கேன்" என்பார். கேட்டவர் சிரிப்பார். பெரியப்பா சிரிக்கமாட்டார்.

மாயாஜாலக் கதைப் பைத்தியம் அவருக்கு அம்புலிமாமாவில் தொடங்கியது. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947ல் சென்னையில் தொடங்கிய இதழ் அது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி, மடிப்பு விழாமல் திருப்பிக் கொடுப்பாராம். ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன், தோளில் பிணமும் கையில் வாளுமாக நடந்து வருவான். "அந்தப் படத்தை ஆசைதீரப் பார்த்துட்டுத்தான் கதைக்கே போவேன்" என்பார்.

தஞ்சோங் பகாரில் முதல் கொள்கலன் கப்பல் வந்து நின்றது 1972ல். சில ஆண்டுகள் கழித்துப் பெரியப்பா வேலைக்குச் சேர்ந்தார். பத்து மாடி உயரத்தில் ஒரு கூண்டு. கண்ணாடித் தரை வழியாகக் குனிந்து பார்த்தபடியே கொள்கலனைக் கவ்வி எடுக்க வேண்டும். கழுத்தும் இடுப்பும் விட்டுப்போகும். ஓய்வு நேரத்தில் நூலகத்தில் எடுத்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்', பக்கத்தில் ஓர் அகராதி. அவருடைய ஆங்கிலம் அங்கே வளர்ந்ததுதான்.

அதை எழுதிய டோல்கீன் ஆக்ஸ்ஃபர்டில் பேராசிரியர். தேர்வுத்தாள் திருத்தும்போது மாணவர் ஒருவர் வெறுமையாக விட்டிருந்த பக்கத்தில்தான் 'தி ஹாபிட்' கதையின் முதல் வரியை எழுதினார். அது 1937ல் வெளிவந்தது. அடுத்த பெருங்கதை அச்சேற 1954 ஆகிவிட்டது. "வேலையையும் பார்த்துக்கிட்டு எழுதின மனுஷன்மா" என்று சொந்தக்காரரைப் போலச் சொல்வார் பெரியப்பா.

வீட்டில் யாருக்கும் இது புரிந்ததில்லை. "பேரன் எடுத்த வயசுல பேய்க்கதை" என்பது பெரியம்மாவின் பல்லவி. கல்யாண வீடுகளில் மற்ற ஆண்கள் வீட்டு விலை பேசும்போது இவர் மட்டும் ஓரமாக உட்கார்ந்திருப்பார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் கண் அழுத்த நோய் என்றார்கள். இழந்த பார்வை திரும்பாது. சொட்டு மருந்து மிச்சத்தைக் காப்பாற்றத்தான். வரியின் ஓரங்கள் மறைந்தன. பிறகு வாசிப்பதே நின்றது. அலமாரியில் புத்தகங்கள் அப்படியே இருந்தன. அந்த ஓராண்டு பெரியப்பா அதிகம் பேசவில்லை.

அவரைப் பேச வைத்தவன் உயர்நிலை இரண்டில் படிக்கும் பேரன். அவனும் நண்பர்களும் புளோக்கின் கீழ்த்தளத்தில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடுவார்கள். 1974ல் அமெரிக்காவில் வந்த விளையாட்டு. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரர்களாக முடிவெடுக்க, இருபது முகப் பகடை வெற்றி தோல்வியைச் சொல்லும். கதை சொல்பவன் ஒருநாள் வரவில்லை. "தாத்தா, நீங்க சொல்றீங்களா?"

ஒரு சனிக்கிழமை நானும் போய் உட்கார்ந்தேன். சீன, மலாய்ப் பையன்களும் இருந்ததால் ஆங்கிலத்தில்தான் கதை. ஆனால் 'வேதாளம்', 'முருங்கை மரம்' இரண்டும் தமிழாகவே நின்றன. பெரியப்பா கையில் ஒரு தாள்கூட இல்லை. இறந்துபோன பெண்ணை மூன்று பேர் விரும்பியிருந்தார்கள். ஒருவன் அவள் சாம்பலில் படுத்தான், ஒருவன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டுபோனான், ஒருவன் மந்திரம் கற்று வந்து உயிர்ப்பித்தான். அவள் யாருக்கு மனைவி?

உயிர் கொடுத்தவன் தகப்பன், எலும்பைக் கரைத்தவன் மகன், சாம்பலோடு கிடந்தவனே கணவன் என்பது விக்கிரமாதித்தன் தீர்ப்பு. பையன்கள் ஏற்கவில்லை. "அவளையே கேட்கலாமே?" என்றான் ஒருவன். பெரியப்பா அசந்துபோனார். "அறுபது வருஷமா எனக்கு இது தோணலையே!" அன்று அவர் சிரித்ததை மேலே நடையோரத்தில் நின்ற பெரியம்மாவும் கேட்டார்.

வானொலியில் பேசுவது என் பிழைப்பு. திங்கட்கிழமை நிகழ்ச்சியில் நேயர்களிடம் அதே கேள்வியைப் போட்டேன். அழைத்தவர்களில் பெரும்பாலோர் பெரியப்பா வயதுக்காரர்கள். எல்லாருக்கும் கதை தெரிந்திருந்தது. "கடைசியா இதை யாருக்குச் சொன்னீங்க?" என்று கேட்டேன். ஓர் அம்மா மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "யாரும் கேட்கலையேம்மா."