குளிக்கத் தடை!

குற்றாலத்துக்குப் போனால் குளிக்க வேண்டும். இதில் இரண்டாவது கருத்தே கிடையாது. நாலு நாள் லீவு, ரயில் டிக்கெட், லாட்ஜ் வாடகை, அரை லிட்டர் நல்லெண்ணெய் என்று முதலீடு போட்டுவிட்டுப் பேரருவிக்குப் போனால், போலீஸ்காரர் வழியை மறித்து ‘‘தடை ஸார், தடை!’’ என்கிறார். பி.காம். படித்தவன் கணக்கில் இது பச்சை நஷ்டம்!

பேரருவியின் கீழே ஒரு வளைவு உண்டு. தண்ணீர் அதைத் தாண்டி விழ ஆரம்பித்தால் யாரையும் கிட்டே விடமாட்டார்கள். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே மலையில் மழை கொட்டும். வெள்ளம் சொல்லாமல் கொள்ளாமல் வரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகும் ‘‘அஞ்சே நிமிஷம் ஸார்’’ என்று கெஞ்சுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தடை போட்ட நாளில்தான் குற்றாலத்தில் மனுஷர்களைப் பார்க்க வேண்டும். போன சீஸனில் நான் பார்த்த ஒரு வேனில் அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைகள். நாலு பேருக்கும் ஒரே முகம். பரீட்சை ரிசல்ட் பார்த்துவிட்டு வந்த முகம். ‘‘அடுத்த வருஷம் கொடைக்கானல்தான்’’ என்று அப்பா தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே ஒரு பாட்டி கோஷ்டி. ஜமக்காளத்தை விரித்து, தூக்குவாளியைத் திறந்து, எலுமிச்சை சாதமும் துவையலுமாக அருவிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டது. சினிமா பார்க்கிற மாதிரி அருவி பார்க்கிறார்கள்!

‘‘குளிக்க முடியலையேன்னு வருத்தமில்லையா பாட்டி?’’

‘‘பாக்கதுக்குத் தடை போடலைல்லா?’’ என்றார் பாட்டி. எனக்கும் ஒரு உருண்டை கிடைத்தது.

அவர் சொன்னது சரிதான். குற்றாலத்தில் பாதி சுகம் தண்ணீருக்கு வெளியே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரியங்காவுப் பக்கம் ஒரு இடைவெளி. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாக நுழைந்து, மலைக்கு இந்தப் பக்கமும் தூறலை உதறிவிட்டுப் போகிறது. அதுதான் சாரல். நனைகிறோமா இல்லையா என்றே தெரியாது, நடந்துகொண்டே இருக்கலாம். வழியெல்லாம் ரம்புட்டான், மங்குஸ்தான். பேரம் பேசினால் குறைப்பார்கள். கொஞ்சமாக.

சித்திர சபைக்குப் போங்கள். நடராஜருக்குச் சொல்லப்படும் ஐந்து சபைகளில் ஒன்று. இங்கே ஸ்வாமியே சித்திரம்தான். சுவர்களிலும் ஓவியங்கள். வருஷா வருஷம் வந்து குளித்துவிட்டுப் போகிறவர்களில் எத்தனை பேர் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருப்பார்கள்?

ரசிப்பதையே ஒரு வேலையாகச் செய்த மனிதர் வாழ்ந்த ஊர் இது. ரசிகமணி டி.கே.சி.! படித்தது வக்கீலுக்கு, வாழ்ந்தது கம்பனுக்கு. 1954-ல் காலமாகும்வரை கடைசி வருஷங்களைக் குற்றாலத்தில்தான் கழித்தார். ராஜாஜியும் கல்கியும் தேடி வருவார்கள். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, கேட்கிறவர் மனசில் அது போய் உட்காருகிறவரை விடமாட்டாராம். ‘கொடுத்துவைத்தவர், கவலையில்லாத ஆசாமி’ என்று நினைத்துவிடாதீர்கள். வளர்ந்த மகனைப் பறிகொடுத்த தகப்பன் அவர். அதற்கப்புறமும் வருகிறவர்களுக்கு விருந்து வைத்து, பாட்டுச் சொல்லி, சந்தோஷத்தைப் பரிமாறிக்கொண்டிருந்தார். இது சுபாவம் மட்டும் இல்லை, பழக்கம் என்றுதான் எனக்குப் படுகிறது. தினமும் காலையில் எழுந்து செய்கிற சாதகம் மாதிரி.

நான் ஊருக்குத் திரும்பியதிலிருந்து இந்தச் சாதகத்தைச் சின்ன அளவில் முயற்சி செய்கிறேன். தினம் பத்து நிமிஷம், காசு கொடுக்காமல் ஏதாவது ஒன்றைப் பார்ப்பது. பஸ் வராத நேரத்தில் இஸ்திரி வண்டிக்காரர் சேலையை மடிக்கிற லாகவம். பூக்காரம்மா நூலில் விரல் ஓட்டுகிற வேகம். மானேஜர் திட்டிய நாட்களில் இருபது நிமிஷம். (சில வாரங்களில் ஓவர்டைம் ஆகிவிடுகிறது.)

போன வாரம் சாயங்காலம் நல்ல மழை. மொட்டை மாடிப் படிக்கட்டில் நின்று சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டு மாமி குடையோடு மேலே வந்தார்.

‘‘என்ன ஸார், டேங்க் ரொம்பி வழியறதா?’’

‘‘ஆமாம் மாமி’’ என்று சொல்லிவைத்தேன்.