அப்பாருவின் ஊறல்

பூண்டியில் பனியன் கம்பெனி நைட் ஷிப்ட் இல்லாத ஒரு ராத்திரி. நியூசிலாந்துக்காரர் ஒருவர் வீட்டிலேயே சாராயம் காய்ச்சும் வீடியோவை அப்பாருவிடம் காட்டினேன். அங்கே 1996 முதல் சொந்தக் குடிக்குக் காய்ச்சலாம். இங்கே 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

"நானும் காச்சுனவன்தான் கண்ணு. வெல்லம், வேலம்பட்டை, மண்பானையில ஊறல்."

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். கொன்றது ஊறல் அல்ல, சாராயத்தில் கலந்த மெத்தனால். தொழிற்சாலைச் சரக்கு அது. அதனால் கேட்டேன்: "அப்ப உங்க சரக்கு நல்ல சரக்குங்களா, அப்பாரு?"

ரொம்ப நேரம் பேசவில்லை.

"சரக்கு நல்லதுதான். குடிச்சவன் நல்லவனான்னு உங்க அப்பத்தாகிட்டத்தான் கேக்கோணும்."

அப்பத்தா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. இருவரும் பார்க்கவில்லை.