கேரித் தீவிலிருந்து கேமரன் மலை வரை: கைப்பேசி காட்டும் வழி

“வாயிருந்தால் வங்காளம் போகலாம்” என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஊர் பேர் தெரியாத இடத்திலும் ஒட்டுக்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை, பஸ் நிறுத்தத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை. “எட்டாங்கட்டை தாண்டினா ஒரு சீனர் கடை வரும், அங்கே வலது பக்கம் திரும்புங்க” என்று அவர் சொன்னதை மனத்தில் முடிந்துகொண்டு போய்ச் சேர்ந்துவிடுவோம். இன்று வாய்க்கு வேலை குறைந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை வந்தால் மண்டபம் எங்கே என்று யாரும் விசாரிப்பதில்லை. பிள்ளைகள் கைப்பேசியைத் தட்டுகிறார்கள், வண்டி புறப்படுகிறது.

ஆனால் எல்லாச் செயலியும் எல்லா வழிக்கும் ஆகாது. பட்டணத்தில் கெட்டிக்காரனாக இருப்பது தோட்டத்துக்குள் வந்தால் திகைத்து நிற்கிறது. எது எங்கே உதவும், எது எங்கே கைவிடும் என்பதை ஒரு பயணம் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். வாருங்கள் வாசகர்களே! சிலாங்கூர் கடலோரத்துக் கேரித் தீவில் வண்டியேறி, கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ், பத்துமலை வழியாகக் கேமரன் மலைக்குப் போவோம். திரும்பும்போது புத்ராஜெயாவையும் எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம்.

புறப்படுமுன்

வண்டியை எடுக்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தைக் கைப்பேசி அறிந்துகொள்வது ஆகாயத்தில் சுற்றும் துணைக்கோள்களால். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றுள் நான்கின் சமிக்ஞை கிடைத்தால் போதும், கைப்பேசி தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். இது இராணுவத்துக்காக அமைத்த ஏற்பாடு. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். இந்தச் சமிக்ஞைக்குக் காசு இல்லை, இணையமும் வேண்டியதில்லை.

இணையம் வேண்டியிருப்பது வரைபடத்துக்குத்தான். சாலைகளின் படம், கடைகளின் பெயர், நெரிசல் செய்தி எல்லாம் இணையம் வழியாக வருகின்றன. ஆகவே ‘லைன்’ போய்விட்டால், நீங்கள் இருக்கும் புள்ளி மட்டும் வெறும் தாளில் நிற்பதுபோல் நிற்கும். படத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டவருக்கு அந்தத் தொல்லை இல்லை. இந்த வேறுபாடு தெரிந்தால் பாதி வழி கடந்த மாதிரிதான்.

செம்பனைக்குள்ளே

லங்காட் ஆறு பிரித்து வைத்த கேரித் தீவைப் பாலம் ஒன்று நிலப்பகுதியோடு இணைக்கிறது. எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற தோட்டத் துரையின் பெயர்தான் தீவுக்கு நிலைத்தது. மரச்சிற்பத்துக்கும் முகமூடிக்கும் பேர்போன மா மெரி பூர்வகுடி மக்கள் இங்கே வாழ்கிறார்கள். மற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை.

செம்பனைத் தோட்டத்துச் சடக்குகள் கோலத்துக்கு வைத்த புள்ளிக் கோடு மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஓடும். குலை ஏற்றும் லோரிக்காகப் போட்டவை அவை. மேலிருந்து எடுத்த படத்தில் அவையும் சாலைகள்தாம். தூரம் குறைகிறது என்று கண்டால், செயலி சில வேளை நம்மை அதற்குள் திருப்பிவிடும். நேற்றைய மழையில் மண் குழைந்து கிடப்பதும், மாலையானால் ஜாகா கம்பிக் கதவைப் பூட்டிவிடுவதும் அதற்கு எப்படித் தெரியும்? தீம்பாருக்குள் மாட்டிக்கொண்டால் எந்த நிரையைப் பார்த்தாலும் ஒன்றுபோலவே இருக்கும்.

இந்த இடத்துக்கு ஏற்றது ஓர்கானிக் மேப்ஸ். 2021இல் வந்த இலவசச் செயலி. ஒருமுறை படத்தை இறக்கிவிட்டால் அதன்பின் இணையமே வேண்டாம். இதன் வரைபடம் ஓப்பன்ஸ்திரீட்மேப் என்ற பொதுச் சொத்திலிருந்து வருகிறது. 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் இங்கிலாந்தில் தொடங்கி வைத்தது. உலகெங்கும் உள்ள தொண்டர்கள் கூடி வரைவது. தார்ச் சாலையை ஒரு விதமாகவும் மண் சடக்கை வேறு விதமாகவும் காட்டுவது இதன் சிறப்பு. “மண் சாலை வேண்டாம்” என்றும் அதற்குச் சொல்லி வைக்கலாம். குறை என்னவென்றால், கடை கண்ணிகளின் பெயர் இதில் குறைவு. நெரிசல் செய்தியும் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

கிள்ளான் தாண்டி

பாலம் கடந்து தெலுக் பங்ளிமா காராங் வந்தால் பெரிய சாலை. இனி வேஸ் செயலியின் இராஜ்யம். இஸ்ரேலில் 2008இல் நிறுவனமாகத் தொடங்கியது. 2013இல் கூகுள் அதை வாங்கிவிட்டது. நம் நாட்டு ஓட்டுநர்களிடம் “வேஸ் போட்டு வா” என்பது பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது.

அதன் பலம் நாம்தான். முன்னே போகிறவர் விபத்து, குழி, வெள்ளம், சாலை அடைப்பு என்று தட்டிவிடுவதைப் பின்னே வருகிற நமக்கு அது சொல்கிறது. ஆள் அதிகம் போகும் சாலையில் அதற்கு அறிவு அதிகம். நாளுக்கு நாலு வண்டி போகும் தோட்டச் சடக்கில் யார் சொல்வது, யாருக்குச் சொல்வது? இணையம் இல்லாமல் புதுவழி தேடவும் அதனால் ஆகாது.

டோல் விஷயத்தையும் கவனியுங்கள். தலைநகருக்குப் போக டோல் கட்டும் நெடுஞ்சாலைகளும் உண்டு. கிள்ளான் வழியாகக் கூட்டரசு நெடுஞ்சாலையும் உண்டு. கூட்டரசு நெடுஞ்சாலையில் 2018 ஜனவரி முதல் தேதியிலிருந்து டோல் இல்லை. வேஸ், கூகுள் மேப்ஸ் இரண்டிலும் “டோல் வேண்டாம்” என்று முன்கூட்டியே குறித்து வைக்கலாம். சில வெள்ளிகள் மிச்சம். நேரம் கொஞ்சம் கூடும். எது வேண்டுமென்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் வாகன வகையை மாற்றி வைக்க மறக்கக் கூடாது. கோலாலம்பூரின் ஸ்மார்ட் சுரங்கச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. கார் என்று நினைத்து வழி சொன்னால் குற்றம் செயலியுடையதாகாது.

பிரிக்பீல்ட்ஸும் பத்துமலையும்

பிரிக்பீல்ட்ஸில் ஒருவழிப் பாதைகள் அதிகம். ஒரு திருப்பம் தவறினால் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். இங்கே கூகுள் மேப்ஸ் கைகொடுக்கும். 2005இல் தொடங்கிய இது, பூக்கடை எங்கே, சேலைக்கடை எத்தனை மணிக்கு அடைக்கும், கோயிலுக்கு நடந்து போக எவ்வளவு நேரம் என்றெல்லாம் சொல்லும். பஸ், ரயில் வழியையும் காட்டும். வேஸ் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மட்டுமே. நடந்து போகும் பாட்டிக்கு அது உதவாது. இன்னொன்று: கூகுள் மேப்ஸ் 2018 முதல் தமிழிலும் வழி சொல்கிறது. ஆங்கிலமோ மலாயோ அதிகம் பழகாத பெரியவர்கள் இருந்தால் அமைப்பில் மொழியை மாற்றிக் கொடுங்கள்.

பெரியவர்கள் சொல்லும் பெயர் வேறு, படத்தில் உள்ள பெயர் வேறு என்பதும் உண்டு. “பத்து ரோடு” என்று தாத்தா சொன்னால் அது இன்றைய ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான். “போர்ட் சுவெட்டன்ஹாம்” கிள்ளான் துறைமுகமாகிப் பல ஆண்டுகள் ஆயின. “தெலுக் ஆன்சன்” 1982இல் தெலுக் இந்தான் ஆனது. தாத்தாவை அருகில் உட்கார வைத்துக்கொண்டு தேடுவதே நல்லது. செயலிக்குத் தெரியாததை அவர் சொல்வார்.

பத்துமலையில் 2006இல் எழுந்த 42.7 மீட்டர் உயர முருகன் சிலையும் 272 படிகளும் தூரத்திலிருந்தே தெரியும். மற்ற நாளில் எந்தச் செயலியும் கொண்டுபோய் விடும். தைப்பூசத்தன்று மட்டும் அந்தப் பக்கத்துச் சாலைகளை அடைத்துவிடுவார்கள். அன்றைக்குக் காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, கூகுள் மேப்ஸில் கொமுட்டர் ரயில் வழியைப் பார்த்துப் போகிறவரே புத்திசாலி.

மலைச்சாலை

இனி வடக்கே. கேமரன் மலைக்கு மேற்குப் பக்கமிருந்து ஏற இரண்டு வழிகள். தாப்பாவிலிருந்து ஏறும் பழைய சாலை சுமார் 60 கிலோமீட்டரில் தானா ராத்தாவைச் சேர்க்கும். ஒடுக்கமானது, வளைவுக்கு மேல் வளைவு. ஈப்போவுக்கு அருகே சிம்பாங் பூலாயிலிருந்து ஏறும் புதிய சாலை அகலமானது. தெற்கிலிருந்து போகிறவருக்குச் சுற்று அதிகம். செயலி நேரத்தையும் தூரத்தையும் பார்த்துத் தாப்பா வழியைத்தான் பெரும்பாலும் நீட்டும். பின் இருக்கையில் வாந்தியெடுக்கும் குழந்தையோ, வண்டியின் பழைய பிரேக்கோ அதன் கணக்கில் வராது. குறுக்கு வழி எல்லாருக்கும் நல்ல வழியாகிவிடாது.

மலையில் பல இடங்களில் ‘லைன்’ விட்டு விட்டு வரும். ஆகையால் முதல் நாளே கூகுள் மேப்ஸில் அந்தப் பகுதியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளானால் அதைப் புதுப்பிக்க வேண்டும். இறக்கி வைத்த படம் காருக்கு வழி சொல்லும். நெரிசலையும் ரயிலையும் சொல்லாது. ஓர்கானிக் மேப்ஸும் ஹியர் வீகோவும் இதே வேலையைச் செய்யும். கூகுள் சேவைகள் இல்லாத ஹுவாவே கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கு அந்நிறுவனம் 2020இல் கொண்டுவந்த பெத்தல் மேப்ஸ் உண்டு. எதுவானாலும் கைப்பேசியைத் தாங்கியில் பொருத்திவிட்டு, புறப்படுமுன்பே இடத்தைத் தட்டி வையுங்கள். ஓட்டிக்கொண்டே தட்டுவது சட்டப்படி குற்றம். மலைச்சாலையில் உயிருக்கே ஆபத்து.

படத்தில் இல்லாத ஊர்

மலையிறங்கித் தெற்கே வந்து புத்ராஜெயாவில் சற்று நிற்போம். அகன்ற சாலைகளும் ஏரியும் பாலங்களும் எந்தச் செயலியிலும் பளிச்சென்று தெரிகின்றன. இதே மண்ணில்தான் பிராங் பெசார் தோட்டம் இருந்தது. முதல் உலகப் போரில் சேவை செய்த ஆங்கிலேயர்கள் 1921இல் திறந்த தோட்டம். ‘பெரும் போர்’ என்பதே பெயரின் பொருள். பால்மரம் சீவியவர்களுக்குப் ‘பி.பி.’ என்ற எழுத்தோடு வந்த கித்தா ஒட்டுக்கன்றுகள் நினைவிருக்கும். அந்த எழுத்துகள் இந்தத் தோட்டத்தின் பெயர்தான். 1995இல் புதிய நகரத்தின் வேலை தொடங்கியது. தோட்டக் குடும்பங்கள் டெங்கில் பக்கத்து அடுக்கு வீடுகளுக்குப் போனார்கள்.

கைப்பேசியின் படம் இன்றிருப்பதைக் காட்டும். நேற்றிருந்ததை அதனிடம் யாரேனும் சொல்ல வேண்டும். சில சமயம் இன்றிருப்பதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. பேரங்காடிகளும் வீடமைப்புப் பகுதிகளும் தாமே தம் பெயரை ஏற்றிக்கொள்கின்றன. தோட்டத்துக் கோயிலுக்கும் லயத்துக்கும் டிவிஷனுக்கும் அதைச் செய்ய ஆளில்லை. படத்தில் அங்கே வெறும் பச்சை.

இது பெருமைக்காகச் சொல்வதல்ல. நள்ளிரவில் வீட்டிலுள்ள பெரியவருக்கு மூச்சுத் திணறுகிறது, 999க்கு அழைக்கிறீர்கள், “எங்கே இருக்கிறீர்கள்?” என்று கேட்கிறார்கள். தெருப் பெயரும் வீட்டு எண்ணும் உள்ளவருக்கு அரை நிமிடத்தில் பதில் வரும். “தோட்டத்தில், மூன்றாவது லயம்” என்று சொல்லும் உங்களுக்கு?

அதற்கான வேலையை இன்றே செய்து வைக்கலாம். கூகுள் மேப்ஸில் உங்கள் வீடிருக்கும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால், எழுத்தும் எண்ணும் கலந்து, இடையே கூட்டல் குறியிட்ட ஒரு குறியீடு ஊர்ப்பெயருடன் வரும். சுமார் 14 மீட்டருக்கு 14 மீட்டர் அளவுள்ள இடத்தை அது குறிக்கும். அதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்; உறவினருக்கும் அனுப்பி வையுங்கள். அதனோடு பெரிய சாலையின் பெயர், எத்தனையாவது கட்டை, எந்த நுழைவாயில், எந்த டிவிஷன் என்பதையும் எழுதுங்கள். அவசரத்தில் பேசுகிறவருக்குப் படிக்க வேண்டியது கண்ணெதிரே இருக்கும். ஆம்புலன்ஸ் வரும்போது ஒருவர் டார்ச் விளக்குடன் சிம்பாங்கில் நிற்கட்டும். எந்தச் செயலி வந்தாலும் அந்த வேலைக்கு மனிதர் வேண்டும்.

அடுத்து, வீட்டில் படித்த பிள்ளையைக் கூப்பிடுங்கள். கூகுள் மேப்ஸில் விடுபட்ட இடத்தைச் சேர்க்க வசதி உண்டு. ஓப்பன்ஸ்திரீட்மேப்பில் பழைய பெயரையும் குறித்து வைக்கலாம். கோயில், தமிழ்ப்பள்ளி, மண்டபம், தோட்ட நுழைவாயில், பூட்டிக் கிடக்கும் கம்பிக் கதவு ஆகியவற்றைச் சரியான இடத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். தனியார் வீடுகளைப் பெயரிட்டுச் சேர்க்க வேண்டாம். காசு செலவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

நெரிசலுக்கு வேஸ், கடைக்கும் கோயிலுக்கும் ரயிலுக்கும் கூகுள் மேப்ஸ், மலைக்கும் தோட்டத்துக்கும் இறக்கி வைத்த படம். இவ்வளவுதான் கணக்கு. புத்ராஜெயா பக்கமிருந்து தெலுக் பங்ளிமா காராங் வந்து பாலமேறினால் மீண்டும் செம்பனை. இனி வழி உங்களுக்கே தெரியும். அடுத்து வருகிறவருக்கும் தெரியும்படி உங்கள் தோட்டத்தைப் படத்தில் சேர்த்துவிடுங்கள்.