எத்தனை பேருக்குக் கூழ்?

யாழ்ப்பாணத்துக் கூழைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அதன் சுவையைப் பற்றியே எழுதுகிறார்கள். நண்டு, இறால், கலவாய் மீனின் தலை, செத்தல் மிளகாயின் உறைப்பு, பழப்புளியின் புளிப்பு, பலா இலையைக் கோலிக் குடிக்கும் அழகு என்று அந்த வர்ணனை நீளும். அதில் தவறேதும் இல்லை. ஆனால் கூழ் விருந்தாகப் பிறந்த உணவு அன்று. பற்றாக்குறையிற் பிறந்த உணவு. எழுபது வயதை எட்டிய காலத்தில், என் கையால் ஒரு பானைக் கூழ் காய்ச்ச நேர்ந்தபோது அது எனக்கு நன்றாகவே விளங்கிற்று.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. நெல் மாரி மழையை நம்பியே விளைகிறது. மழை பொய்த்தாலும் பொய்க்காமல் நிற்பது பனை. பனம்பழக் காலம் முடிந்ததும் கொட்டைகளைப் பொறுக்கிப் பாத்தியில் அடுக்கி மண்ணால் மூடிவிட்டால், சில மாதங்களிற் கிழங்கு தயார். அதை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பச்சையாகவே கிழித்து வெயிலிற் காயவைத்தால் ஒடியல். ஒடியலை இடித்து அரித்தெடுத்த மாவே கூழின் ஆதாரம். எங்கள் வடமராட்சிக் கிராமத்தில், பனங்கொட்டை பொறுக்குவது சிறுவர்களாகிய எங்களுடைய வேலை. கிழங்கைக் கிழித்து நாரில் கோத்துக் கொடியிற் போடுவது பெண்களுடைய வேலை. பஞ்சம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற துணிவு, சமையலறைப் பரணில் ஒரு மண்பானைக்குள் ஒடியலாக இருந்தது.

என் தந்தையார் கொழும்பில் எழுதுவினைஞராக இருந்தார். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியில் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். பிள்ளைகள் நாங்கள் ஆறு பேர். அப்பாச்சியும் எங்களுடன் இருந்தார். கூப்பன் அரிசி தீரும் மாதக் கடைசியில், கரைவலையில் மீன் பட்ட நாளாகப் பார்த்து அம்மா கூழ் காய்ச்சுவார். அம்மாவிடம் அளவு என்று ஒன்றும் இருந்ததில்லை. முதலிற் படலையடிக்குப் போய் ஒழுங்கையை ஒருமுறை பார்ப்பார். அதன் பிறகுதான் எந்தப் பானையை அடுப்பில் ஏற்றுவது என்று தீர்மானிப்பார். பிறகும் ஆள் கூடினால் ஒரு செம்பு தண்ணீர் கூடும். ஒரு பிடி முருங்கையிலை கூடும். எங்கள் வீட்டில் அரிசி இல்லாத நாள் எது என்று ஊருக்குத் தெரியாது. அன்றுதான் எங்கள் முற்றத்தில் ஆட்கள் அதிகமாக இருந்தார்கள்.

பத்திரிகைத் தொழில் என்னைக் கொழும்புக்குக் கொண்டுவந்தது. அம்மா ஊரிலேயே இருந்தார். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இறுகிற்று. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி முதலிய பொருட்களின் பெயர்ப் பட்டியலை நாங்கள் செய்தியாக்கிக்கொண்டிருந்த நாட்களில், அம்மா ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் ஒடியல் மா அரித்துக்கொண்டிருந்தார். 1995 அக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் ஒட்டுமொத்தமாகப் பெயர்ந்து, கொட்டும் மழையில் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். அவர்களிற் பலர் வடமராட்சிக்கும் வந்து சேர்ந்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ஐந்து குடும்பங்கள் தங்கின. மீன் இல்லை; நண்டு இல்லை. பலாக்கொட்டையும் மரவள்ளிக்கிழங்கும் இலையும் போட்டு அம்மா கூழ் காய்ச்சினார் என்று அக்கா பின்னர் சொன்னார். அம்மா காய்ச்சிய பெரிய கூழ் அதுவே. அதன் சுவை எப்படி இருந்தது என்று அக்காவிடம் கேட்டேன். “சூடாக இருந்தது” என்றார்.

2022ஆம் ஆண்டு நாடு முழுவதற்கும் பற்றாக்குறை வந்தது. டொலர் இல்லை, ஆகவே எரிவாயு இல்லை, டீசல் இல்லை. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளிற் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றது. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியில், வெற்றுச் சிலிண்டர்கள் வாசலில் வரிசையாக நின்றன. பின்முற்றத்தில் மூன்று கல் வைத்து, பழைய பலகைத் துண்டுகளை எரித்து, ஒவ்வொரு வீட்டாரும் முறைவைத்துச் சமைக்கத் தொடங்கினார்கள். அந்தப் புகையின் மணம்தான் எனக்கு அம்மாவின் கூழை நினைவூட்டிற்று.

ரொறன்ரோவில் இருக்கும் அக்காவைத் தொலைபேசியில் அழைத்துச் செய்முறை கேட்டேன். 

“எத்தனை பேருக்கு?” என்றார்.

“நானும் மனைவியும்தான்.”

அக்கா சிரித்தார். “தம்பி, ரெண்டு பேருக்குக் கூழ் காய்ச்ச ஏலாது. ஆளுக்கு ஒரு இறால், பாதி நண்டு, ரெண்டு பலாக்கொட்டை எண்டு போட்டால் அது கூழோ? பத்துப் பேரைச் சேர்த்துப்போட்டு எனக்கு எடு.”

வேடிக்கையாகச் சொன்னதுபோல் இருந்தாலும், அது சமையற் கணக்கு. கூழின் சாரம் பலவற்றின் சாறு ஒரே பானையில் இறங்குவதில் இருக்கிறது. இரண்டு பேருக்கான அளவில் அந்தப் பலவற்றுக்கு இடமில்லை. பத்துப் பேரை எங்கே தேடுவது? பதினைந்து ஆண்டுகளாக ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கியவர்களுடைய முகங்கள் தெரியும், பெயர்கள் தெரியாது. இருந்தும் கதவுகளைத் தட்டினேன். ஒரு அடுப்பு, ஒரு பானை, ஆளுக்கு இயன்றதைக் கொண்டுவருவது என்று ஏற்பாடு. ஐந்து அடுப்புக்குப் பதில் ஒன்று எரிந்தால் விறகும் மிச்சம்தானே!

படகுகளுக்கு எரிபொருள் இல்லாததால் மீன் விலை ஏறியிருந்த காலம் அது. எதிர்வீட்டு முஸ்லிம் குடும்பத்தினர் இறால் கொண்டுவந்தார்கள். மேல்மாடிச் சிங்களத் தம்பதியர் கம்பஹாவிலிருந்து வந்த பலாக்கொட்டைகளையும் பயற்றங்காயையும் கொடுத்தார்கள். நான் நான்கு நண்டும் ஒரு மீன்தலையும் வாங்கினேன். ஹட்டனைச் சேர்ந்த காவலாளித் தம்பி எங்கிருந்தோ முருங்கையிலை பறித்துவந்தார். மூன்றாம் மாடியிலே தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற ரீச்சர், கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு பெரிய பானையை இழுத்தெடுத்தார். அதன் விளிம்பில் அவருடைய தகப்பனாரின் முதலெழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. ஊரைவிட்டு வரும்போது கொண்டுவந்த பானை. பிள்ளைகள் மூவரும் வெளிநாடு சென்றபின் அதற்கு வேலை இருக்கவில்லை.

ஒடியல் மாவை நீரில் ஊறவைத்து, அடியில் மா படிந்தபின் மேல்நீரை வடித்து, மறுபடி நீர்விட்டு, மறுபடி வடித்தோம். கசப்பு நீங்க அதுவே வழி. கொதிநீரில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு. அவை வெந்துவரப் பயற்றங்காய், மீன்தலை, நண்டு, இறால். மரவள்ளி சேர்ந்த பானைக்குள் இஞ்சி போகக்கூடாது என்று அம்மா சொல்வதை ரீச்சரும் சொன்னார். அரைத்த செத்தல் மிளகாயும் மஞ்சளும் உப்பும் சேர்த்தோம். கடைசியில் ஒடியல் மாவைப் பழப்புளியிற் கரைத்து ஊற்றித் துழாவினோம். மா கட்டிபடாமல் இருக்க அகப்பை நிற்கக்கூடாது. என் கை சோர்ந்தபோது காவலாளித் தம்பி வாங்கித் துழாவினார். கூழ் தடித்துக் குமிழிவிட்டபோது முருங்கையிலையைத் தூவி இறக்கினோம்.

ரீச்சர் ஒரு வாய் குடித்துப் பார்த்து, “தம்பி, உப்புக் காணாது” என்றார். போட்டேன். பின்பு அவர் மூன்று கோப்பை குடித்தார். எதிர்வீட்டுச் சிறுமி உறைப்புத் தாங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னும் கேட்டாள். அன்றிரவு மின்சாரம் வரும்வரை எவரும் மாடியேறவில்லை.

ஒன்றைச் சொல்லவேண்டும். வறுமையை அழகென்று நான் கொண்டாடவில்லை. எரிவாயு வரிசையில் நின்றவர்களின் துன்பத்துக்கும், தடைக்காலத்தில் எங்கள் மக்கள் பட்ட துன்பத்துக்கும் ஒரு பானைக் கூழ் ஈடாகாது. அம்மா ஒடியல் மாவைத் தேடிப் போகவில்லை. வேறு வழி இருந்திருந்தால் சோறே ஆக்கியிருப்பார். இல்லாமையைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் மறைக்க அவருக்கு ஒரு பானை நிறைய ஆட்கள் தேவைப்பட்டார்கள். நாங்கள் அதை மகிழ்ச்சி என்று நினைவில் வைத்திருக்கிறோம். அது மகிழ்ச்சியாகவும்தான் இருந்தது.

இப்போது எரிவாயு தாராளமாகக் கிடைக்கிறது. ஆனாலும் எங்கள் பின்முற்றத்துக் கற்களை எவரும் அகற்றவில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை ரீச்சரின் பானை கீழே இறங்குகிறது.

ஒடியல் மா இன்று பொதிசெய்யப்பட்டு ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் தமிழ்க் கடைகளிற் கிடைக்கிறது. இதை வாசிக்கும் உங்களிற் சிலரின் அலுமாரியில், பிரிக்கப்படாத ஒரு பொதி இருக்கக்கூடும். தண்ணீர் எவ்வளவு, புளி எவ்வளவு என்று கேட்டு எனக்கு எழுதவேண்டாம். முதலில் பத்துப் பேரைச் சேருங்கள். அளவு தானாக வரும்.