மரை மேயும் மேட்டுநிலம்

அமெரிக்காவின் கொலராடோவில் பணிபுரியும் என் சகோதரி மகன் சென்ற மாதம் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டான். "மாமா, உடன் வேலை செய்பவர்கள் எல்க் வேட்டைக்கு அழைக்கிறார்கள். எனக்கு ஊரும் புதிது, காடும் புதிது. எங்கிருந்து தொடங்குவது? மார்க்கம் இதற்கு இடம் தருகிறதா?"

பலாத் தோப்பையும் முந்திரிக் காட்டையும் தவிர வேறு காடறியாத பண்ருட்டிக்காரனிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது! ஆயினும், எல்க் வேட்டைக்குப் பெயர்போன ஓரிடத்தை இலங்கையில் நான் கண்டிருக்கிறேன்.

நுவரெலியாவிலிருந்து விடியுமுன் வேனில் புறப்பட்டோம். கடல்மட்டத்திற்கு 2,100 மீட்டருக்கும் மேலே விரிந்து கிடக்கிறது ஹோர்ட்டன் சமவெளி. 1988 முதல் அது தேசியப் பூங்கா. வாயிற்காவலர் எங்கள் பைகளைச் சோதித்துப் பிளாஸ்டிக் உறைகளை எடுத்துக்கொண்டார். மூடுபனி சற்றே விலகியதும், ஈரப் புல்லின் நடுவே கிளைத்த கொம்புடன் ஓர் ஆண் மான் தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்தது. அஞ்சவில்லை, ஓடவுமில்லை. படைத்தவனைப் புகழ்ந்தபடி நெடுநேரம் நின்றேன்.

இலங்கைத் தமிழர் அதனை மரை என்பர். நமக்குக் கடமான்; தென்மாவட்டத்தார்க்கு மிளா. அங்கு வந்த ஆங்கிலேயரோ எல்க் என்றனர். கொலராடோவின் எல்க் வேறு இனம். ஐரோப்பாவில் அதே பெயர் இன்னொரு பெரிய மானைக் குறிக்கும். அந்நிய மண்ணில் இறங்கியவன் தான் அறிந்த பெயரையே முதலில் சூட்டிவிடுகிறான்.

அவ்வாறு இறங்கியவர்களில் ஒருவர் சாமுவேல் பேக்கர். 1840களில் வேட்டைக்கென்றே இலங்கை வந்தவர், காய்ச்சலில் நலிந்து, உடல் தேற நுவரெலியா ஏறினார். பின்பு அங்கேயே பண்ணை அமைத்தார். அடர்காட்டில் மரையைத் துரத்த அவர் நம்பியது துப்பாக்கியை அன்று, நாய்களையும் கத்தியையும். இங்கிலாந்திலிருந்து உயர்சாதி வேட்டைநாய்களைக் கொணர்ந்தார். அந்தக் காட்டின் சிறுத்தைகள் அவற்றில் பலவற்றை இரையாக்கின. நாய்க்குரலைக் கொண்டே மான் செல்லும் திசையை அறியவும், ஓடிக் களைத்த மரை ஆற்றில் இறங்கி எதிர்த்து நிற்கும் என்பதை உணரவும் அவருக்குக் காலம் பிடித்தது. பூங்காவிலுள்ள ஓர் அருவி இன்றும் பேக்கர் பெயரையே தாங்குகிறது. அவர் வேட்டைத் திறனை வியக்கலாம். கொன்ற கணக்கை என்னால் வியக்க இயலவில்லை.

இதையெல்லாம் மருமகனிடம் சொன்னேன். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டையின் வாயிலை அடைத்துவிட்டன. அவன் இருக்கும் மாநிலத்திலோ உரிமம் உண்டு, பருவம் உண்டு. 1949இலோ அதற்குப் பின்னோ பிறந்தவர் உரிமம் பெறுமுன் வேட்டைப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். "முதலில் அந்தப் பயிற்சியில் சேர். முதல் பருவத்தில் துப்பாக்கி வேண்டாம், விவரமறிந்தவர் பின்னே நடந்து, தடம் பார்க்கவும் காற்று வீசும் திசை அறியவும் கற்றுக்கொள்" என்றேன்.

மார்க்கத்தைப் பொறுத்தவரை, உணவுக்கான வேட்டை ஆகும். இஹ்ராமில் இருப்பவருக்கு நில வேட்டை விலக்கு. சுடுகையில் பிஸ்மில்லாஹ் சொல்ல வேண்டும். துப்பாக்கிக் குண்டிலேயே உயிர் பிரிந்த பிராணி குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உயிர் இருக்கும்போதே விரைந்து அறுத்துவிட்டால் அந்தச் சர்ச்சைக்கு இடமில்லை. கொம்பைச் சுவரில் மாட்டுவதற்காக மட்டும் ஓர் உயிரைப் போக்குவது நமக்கு அடுக்காது.

பிறகு நான் அவனை ஒன்று கேட்டேன். வளர்ந்த ஆண் எல்க் ஏறத்தாழ முந்நூறு கிலோ இருக்குமாம். எங்கள் ஊர்ச் சந்தையில் ஒற்றைப் பலாவைத் தூக்கவே தோள் பழகியிருக்க வேண்டும். "அவ்வளவு இறைச்சியை மலையிலிருந்து யார் இறக்குவது, எந்தெந்த வீட்டுக்குக் கொடுப்பாய்?"

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. "பள்ளிவாசலில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் மாமா" என்றான்.