ஒடுக்கு

மலர்க் குழு நண்பர்கள் என்னிடம் வந்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்கள். "மாப்ளே, நிலாவைப் பத்தியும் அவளைப் பத்தியும் கவிதை நாப்பது வந்து கெடக்குது. நீ மெக்கானிக்கல். உருப்படியா ஏதாச்சும் எழுது." எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒன்றுதான்: கார் கதவில் விழும் ஒடுக்கு. அதைப் பெயின்ட் போகாமல் எடுப்பதற்காக இந்த இரண்டு வருடமாக எங்கள் பட்டறையில் நடக்கும் போராட்டத்தைத்தான் எழுதப் போகிறேன். கவிதை எதிர்பார்த்து வந்த நண்பர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

எங்கப்பா டிங்கர். ஈரோட்டில் பவானி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் தகரக் கொட்டகை போட்ட பட்டறை. நம் பக்கத்தில் தகடு அடிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. கரூரில் பஸ் பாடி, நாமக்கல்லில் லாரி பாடி, திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி. அப்பா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சுத்தி பிடிக்கக் கற்றுக்கொண்டு, பிறகு கார் வேலைக்கு வந்தவர். அதற்கும் முந்தி அப்பாரு தெருத் தெருவாகப் போய்ப் பித்தளைக் குடத்துக்கு ஒடுக்கு எடுத்தவர். ஆக, மூன்று தலைமுறையாக எங்களுக்குச் சோறு போடுவது அடுத்தவர் வீட்டு ஒடுக்குதான்!

முகூர்த்த நாள் முடிந்த மறுநாள் எங்கள் பட்டறைக்கு வந்து பாருங்கள். மண்டபத்து வாசலில் வண்டிகளை நெருக்கி நிறுத்துவார்கள். அவசரமாக ஒருவர் கதவைத் திறப்பார். பக்கத்து வண்டியின் கதவில் 'டொக்'. ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு குழி. பெயின்ட் கொஞ்சமும் போயிருக்காது. "ஏனுங்க மேஸ்திரி, இத்துணூண்டுதானுங்க, சட்டுனு எடுத்துருங்கோ" என்பார்கள். ஆனால் பழைய முறையில் அந்த இத்துணூண்டுக்கு மூன்று நாள் வேண்டும். உள்ளே டோலியை வைத்து வெளியே சுத்தியால் தட்டி, பெயின்டைச் சுரண்டி, பட்டி வைத்து, காய்ந்ததும் வாட்டர் பேப்பர் போட்டு, பிரைமர் அடித்து, மறுபடியும் தேய்த்து, கடைசியில் முழுக் கதவுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும். சில்வர் கலர் வண்டியாக இருந்தால் பக்கத்துக் கதவோடு ஷேடு சேர்ப்பதற்குள் உயிர் போய்விடும்.

அத்தனை செய்தும் கம்பெனி பெயின்ட் திரும்ப வராது. கம்பெனியில் தகட்டை முக்கி எடுத்து மின்சாரத்தால் ஒட்டவைக்கும் முதல் பூச்சை ஏறக்குறைய 170 டிகிரியில் சுடுகிறார்கள். மேலே போடும் கிளியர் கோட்டை 140 டிகிரி சுமாரில் சுடுகிறார்கள். எல்லா அடுக்கும் சேர்ந்து 100 மைக்ரான் சுமார்தான், ஒரு தலைமுடி கனம். பட்டறையில் 140 டிகிரிக்கு ஏற்றினால் கண்ணாடி ரப்பரும் வயரும் என்ன ஆகும்? நல்ல பூத் வைத்திருப்பவர்களே 60 டிகிரி வரைதான் போகிறார்கள். எங்களுக்குப் பூத் ஏது, ஈரோட்டு வெயில்தான் பூத். பழைய கார் வாங்க வருபவர்கள் இப்போது கையில் ஒரு மீட்டரோடு வருகிறார்கள். கதவில் வைத்தால் பெயின்டின் கனம் சொல்லும். பட்டி வைத்த இடத்தில் ஆயிரத்தைத் தாண்டினால் அவ்வளவுதான், "ஆக்சிடென்ட் வண்டிங்களா?" என்று விலையைக் குறைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆனால் அப்பா பெயின்ட் அடிப்பதை நிறுத்த வேண்டி வந்தது இதனால் அல்ல. அவருக்கு இருமல். முதலில் பட்டித்தூள் என்று நினைத்தோம். ராத்திரியில் மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் டாக்டரிடம் போனோம். அவர் முதலில் கேட்டதே "என்ன வேலை பார்க்கறீங்க?" என்பதுதான். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பெயின்டில் ஹார்டனர் என்று ஊற்றுகிறோமே, அதில் ஐசோசயனேட் இருக்கிறது. தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்கு உலகம் முழுக்க முக்கியமான காரணங்களில் ஒன்று அது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும். நம்மூர்ப் பட்டறைகளில் மாஸ்க் என்றால் மூக்கில் கட்டிய கைக்குட்டை. இதைப் படிக்கும் ஆட்டோமொபைல் நண்பர்கள் யாராவது பெயின்ட் பட்டறைக்கு டிரெயினிங் போனால் கைக்குட்டையை நம்பாதீர்கள், அதற்கு ஐசோசயனேட்டைத் தடுக்கத் தெரியாது. டாக்டர் ஸ்ப்ரே கன்னைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். பெயின்ட் இல்லாத டிங்கருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? அந்த மாதம் வீட்டில் யாரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

கம்பியால் ஒடுக்கெடுக்கும் வேலையை நான் கோயம்புத்தூரில்தான் முதலில் பார்த்தேன். ஒரு பையில் வளைந்த நெம்புகம்பிகள், ஒரு லைட். கதவுக் கண்ணாடியை இறக்கி, இடுக்கில் ஆப்பு வைத்து, கம்பியை உள்ளே விட்டு அந்த அண்ணன் நெம்ப ஆரம்பித்தார். ஒரு மணி நேரத்தில் குழி இருந்த இடம் தெரியவில்லை! அப்பாவிடம் வந்து சொன்னேன். "உங்கப்பாரு கொடத்துக்குப் பண்ணுனதத்தானடா இவுங்க காருக்குப் பண்றாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கம்பி எத்தன கனம் இருந்துச்சு?" என்று கேட்டார்.

வெளிநாடுகளில் இந்தத் தொழில் ஆலங்கட்டி மழையால் செழித்தது. 1984 ஜூலை 12-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் பெய்த ஆலங்கட்டியில் மட்டும் இரண்டு லட்சம் வாகனங்கள் அளவுக்குச் சேதம் என்கிறார்கள். ஒரு வண்டியில் நூறு குழி இருந்தால் பட்டி வைத்து முடியுமா? நம்மூருக்கு ஆலங்கட்டி குறைவு. கல்யாண மண்டபம் அதிகம்.

இதில் நம் பாடமும் இருக்கிறது. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் மைல்டு ஸ்டீல் கம்பியை இழுத்தோமே, ஓர் இடத்தில் முள் தயங்கி நிற்குமே, அந்த ஈல்டு பாயின்ட்தான் எல்லாம். கதவுத் தகடு 0.7 மில்லிமீட்டர் சுமார். குழியின் நடுவிலும் விளிம்பிலும் கொஞ்சம் இடம்தான் ஈல்டைத் தாண்டி நிரந்தரமாக வளைந்திருக்கும். சுற்றியுள்ள தகடு எலாஸ்டிக் எல்லைக்குள்தான் இருக்கிறது. திரும்பி வரத் தயார்தான், ஆனால் அந்தக் கொஞ்ச இடம் முளைக்குச்சி மாதிரி அதைப் பிடித்துக் கட்டிவைத்திருக்கிறது. முளையைப் பிடுங்கினால் கன்னுக்குட்டி தானே ஓடி வரும். எங்கே முளை என்று கண்டுபிடிப்பதுதான் வித்தை. நடுவில் ஒரே குத்தாகக் குத்தினால் குழிக்கு நடுவே ஒரு மேடு கிளம்பும், அவ்வளவுதான். விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக, நூறு இருநூறு தடவை நெம்ப வேண்டும். மேடு வந்தால் பிளாஸ்டிக் முளையை வைத்து வெளியிலிருந்து மெல்லத் தட்ட வேண்டும். இன்னொரு சங்கதி: இப்போதைய கார்களில் பல வெளித்தகடுகள் பெயின்ட் அடுப்பின் சூட்டிலேயே இறுகும்படி செய்த ஸ்டீல். அம்பாசடர் தகட்டைவிட மெல்லிசு, ஆனால் பிடிவாதம் ஜாஸ்தி.

அப்பாவுக்குச் சிரமமாக இருந்தது அடி அல்ல, கண். முப்பது வருடமாக அவர் மேடுபள்ளத்தை உள்ளங்கையால் பார்த்தவர். மெல்லிய துணியைப் போட்டுக் கதவின்மேல் கையை ஓட்டினால் நமக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் "இங்க நூல் எறக்கம்" என்பார். கம்பி வேலையில் ஒரு கை வெளியே கம்பியைப் பிடித்திருக்கிறது, நுனி கதவுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ இருக்கிறது. கதவில் தெரியும் விளக்கின் நிழலை வைத்துத்தான் நுனி எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். டியூப் லைட்டின் முன் ஓர் அக்ரிலிக் ஷீட் வைத்து, அதில் கருப்பு இன்சுலேஷன் டேப்பைக் கோடு கோடாக ஒட்டிக் கொடுத்தேன். தகடு சமமாக இருந்தால் கோடு நேராகத் தெரியும், குழியில் வளையும். முதல் நாள் அப்பா அரை மணி நேரம் பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் மூக்குக்கண்ணாடி மாற்றிக்கொண்டு வந்தார்.

கோவை உக்கடத்தில் வாங்கிய பழைய கதவுகளில்தான் பழகினோம். ஆறு கதவு. நாங்களே சுத்தியால் ஒடுக்கு விழவைத்து நாங்களே எடுத்தோம். பக்கத்து லேத் பட்டறைக்காரர் "அப்பனுக்கும் மகனுக்கும் வேற பொழப்பு இல்லையா" என்று சிரித்தார். அவர் வண்டிக் கதவு பத்தே நாளில் எங்களிடம் வந்தது. அதுதான் எங்கள் முதல் கூலி வேலை.

எல்லாம் கம்பிக்கு வந்துவிடாது. பெயின்ட் வெடித்திருந்தால் வராது. கூரான மடிப்பு, கதவின் ஓரம் இரண்டும் கஷ்டம். கதவுக்குள் மோதல் தாங்க ஒரு குறுக்குக் குழாய் இருக்கும், அதற்குப் பின்னால் விழுந்த குழிக்குக் கம்பி போகாது. வெளியே பசை வைத்து இழுக்கலாம், ஆனால் முன்பே பட்டி வைத்த கதவாக இருந்தால் பெயின்ட் உரிந்து பசையோடு வந்துவிடும். வழி இல்லை என்று சிலர் ஓட்டை போட்டு நெம்புகிறார்கள். அப்பா அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. ஓட்டை போட்ட இடத்தில் அடிப்பூச்சு போய்விட்டால் இரண்டு மழைக்குத் துரு பிடிக்கும். ஆகவே வருகிற வண்டிகளில் பாதியைத் திருப்பி அனுப்புகிறோம். "இது கம்பிக்கு வராதுங்க, பெயின்டுக்குத்தான் போகோணும், அந்தப் பட்டறைக்குப் போங்கோ" என்று வழியும் சொல்லி அனுப்புகிறார். வருமானம் முன்பு மாதிரி இல்லை. நான் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேர்வதா, பட்டறையிலேயே இருப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. அவர் பி.இ. என்கிறார்.

ராத்திரி மூச்சு இழுப்பது குறைந்திருக்கிறது. கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் மூலையில் சாக்குப் போர்த்திக் கிடக்கின்றன. விற்றுவிடலாமா என்று அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. வேலையைப் பார்க்க விரும்பும் நண்பர்கள் எந்த முகூர்த்தத்துக்கும் மறுநாள் வரலாம், டீ உண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். உக்கடம் போகிறோம். அலுமினிய பானெட் ஒன்று கிடைக்குமா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார், அது ஸ்டீல் மாதிரி நெம்ப வராதாம்.